தாசில்தாரின் முதுகில் ஒரு சுழி

என் சித்தப்பா தேவநாதனை நினைத்தால் முதலில் வருவது முகம் அல்ல, நாற்றம். மூத்திரத்தில் ஊறிய வைக்கோல், புளித்த கழுநீர், அதற்கு மேல் ஒரு பூச்சு வெற்றிலை. செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு நிலக்கடலை மண்டி. எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை மண்டி என்பார்கள். மண்டிக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் சித்தப்பாவின் மாட்டுக்கொட்டகை. ராஜகிரிக் கோட்டைப் பக்கமிருந்து காற்று அடித்தால் கொட்டகை எழுந்து கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் இப்போது இருக்கும் ஊரில் பால் அட்டைப் பெட்டியில் வருகிறது. பசு என்பது ரயில் சன்னலுக்கு வெளியே தூரத்தில் நகரும் கறுப்பு வெள்ளைப் புள்ளி. இருந்தும் வேலைக்குக் கிளம்புமுன் கோட்டின் கையை ஒரு தடவை முகர்ந்து பார்க்காமல் கதவைப் பூட்ட முடிவதில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்கைத் தேய்த்தால் நான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன். மதராஸில் கல்லூரியில் படித்தபோது ‘டிஸ்கஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் நம்முடைய அருவருப்பும் ஒன்றுதானா என்று பேராசிரியை கேட்டார். மற்றவர்கள் யோசித்தார்கள். எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. இரண்டு சொல்லுக்கும் ஒரே ஆள்தான் நினைவில் வந்து நின்றார், இடுப்பில் ஈரத்துண்டோடு.

சித்தப்பா மண்டியில் உட்கார வேண்டியவர். என் நைனா இராமச்சந்திரன் மூத்தவர். எடை போடுவது, வண்டிக்காரர்களிடம் கத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. இளையவர் காலையில் மண்டிக்கு வந்து சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். அது அணைவதற்குள் கொல்லைப்பக்கம் போய்விடுவார். மாடு வைத்திருக்கும் வீடு ஊரில் எத்தனையோ உண்டு. அவர்கள் மாடு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் மாடுகள் சித்தப்பாவை வைத்திருந்தன.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை வந்தவாசிக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததும் அம்மா, “இன்னா கொழுந்தனாரே, எப்படி?” என்று கேட்டாள்.

“நல்ல மடி அண்ணி. நாலு காம்பும் ஒரே சமமா இருக்குது. கொம்புதான் கொஞ்சம் கோணல்.”

பெண் வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்த எருமையைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெண் கறுப்பா சிவப்பா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

மாடுகளுக்கு அவர் லட்சுமி, காமாட்சி என்றெல்லாம் பெயர் வைத்ததில்லை. வாயில் எதையாவது வைக்காமல் ஓரடி நகராத சிவலைப் பசுவுக்குத் தாசில்தார் என்று பெயர். கண்டதையெல்லாம் நக்கிக்கொண்டே இருக்கும் அதன் கன்றுக்குட்டி போஸ்ட்மாஸ்டர். “தாசில்தாரு இன்னிக்கு இளக்கமா போட்டுட்டாரு அண்ணி, புண்ணாக்கைக் குறைக்கணும்” என்று நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் நின்று சொல்லுவார். எதிரே இலையில் கீரைக் கடைசல் இருக்கும்.

அவருடைய பொழுதுபோக்குகளை நல்ல வார்த்தைகளில் சொல்ல வழியில்லை. மாலை வேளையில் மாடுகளின் காது மடலிலும் தொடை இடுக்கிலும் உண்ணி பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் சேர்ப்பார். ரத்தம் குடித்து அவரைக்கொட்டை போல உப்பியிருக்கும். வரட்டித் தணலில் ஒவ்வொன்றாகப் போட, அது பட்டென்று வெடிக்கும். “தீவாளிடா, எல்லாரும் வாங்க!” என்று அவர் கூப்பிடும் குரலும், அந்தச் சின்னச் சத்தமும், பின்னாலேயே எழும் கருகல் வாடையும் எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரத்தின் அடையாளம். வெற்றிலைக்கடை ரங்கநாதன் அவருக்குக் கூட்டாளி. அந்த ஆள் சித்தப்பாவின் கண்ணைத் துண்டால் கட்டி, தட்டில் சாணியை ஏந்தி மூக்கருகே நீட்டுவான். எந்த மாடு, என்ன தின்றது, எப்போது போட்டது என்று சித்தப்பா சொல்ல வேண்டும். தப்பினதே இல்லை. ஒருமுறை ரங்கநாதன் ஏமாற்றுவதற்காகக் கழுதை விட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். சித்தப்பா ஆழமாக இழுத்துவிட்டு, “இது உங்க மாமனார் வூட்டு வாடை ஆச்சே” என்றார். கடைத்தெருவே சிரித்தது. நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடம் போகக் கிளம்பி நிற்பவர்கள் மேல் காம்பிலிருந்து நேராகப் பாலைப் பீய்ச்சுவார். அவர் கண்ணுக்குத் தப்பிக் கொட்டகையைக் கடக்கவே முடியாது. மத்தியானத்துக்குள் என் சட்டை புளித்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நகர்ந்து உட்கார்ந்துவிடுவாள். மாடு கன்று போட்டால் அதன் நஞ்சுக்கொடியை நாய் தின்னாமல் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பால் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பார்கள். மற்ற வீடுகளில் அதை விடிவதற்குள் சத்தமில்லாமல் செய்துவிடுவார்கள். சித்தப்பா சொட்டச் சொட்ட அதைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, கடைத்தெருவில் நின்று நின்று குசலம் விசாரித்தபடி போவார். “கையைக் கழுவிட்டு வாங்க” என்று அம்மா கெஞ்சினால், மாடு குடிக்கிற தொட்டியில் கையை விட்டு எடுப்பார். “வெறும் புல்லு அண்ணி இதெல்லாம். அரைச்ச புல்லு. நீங்க பண்ற துவையல் மாதிரிதான்.”

இதையெல்லாம் என்னைவிட அதிகமாகச் சகிக்காதவள் என் அக்காள் வசந்தா. அவள் துவைத்த துணியைக் கொல்லையில் உலர்த்த மாட்டாள். மாடி வெயிலில் காயவைத்து, பாச்சை உருண்டை போட்ட பெட்டிக்குள் பூட்டுவாள். வாசனை சோப்பு அவளிடம் மட்டும் பாதி நாளில் கரைந்துபோகும். பெரியவளானதிலிருந்து கொட்டகைக்குள் காலை வைத்ததில்லை. மாடே இல்லாத ஒரு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு வேண்டுதல் இருந்ததாக நான் அறியேன். மற்றப் பெண்கள் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினால் இவள் அந்த வீட்டுக்குக் கொல்லை இருக்கிறதா என்று கேட்பாள்.

வந்த வரன்களைச் சித்தப்பா கெடுத்தார். வேண்டுமென்றே கெடுத்தார் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாப்பிள்ளையின் தகப்பனார் வழுக்கைத் தலையர். அவர் உட்கார்ந்த நாற்காலியின் முதுகில் சித்தப்பா விளையாட்டுக்கு உப்புத் தண்ணீர் தடவி வைத்திருக்க, போஸ்ட்மாஸ்டர் பின்னால் வந்து அந்தத் தலையைச் சாவகாசமாக நக்கியது. அடுத்த வரனின் அக்காள் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு பசுவுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்ற சித்தப்பா, மற்றக் கையைத் தூக்கி அவளுக்கு வணக்கம் சொன்னார். அவர்கள் பலகாரத்தைத் தொடாமலே பஸ் ஏறினார்கள்.

அறுபத்து நாலில் விழுப்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சுந்தரமூர்த்திக்கு ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா வேலை. வீட்டில் தாயார் ஞானம்பாள் மட்டும். பெண் பார்க்க வந்த அன்று சித்தப்பாவை மாடுகளோடு செட்டிக்குளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்ததைக் கதவிடுக்கில் வசந்தா பார்த்தாள். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. அந்த விரல்களில்தான் அவள் விழுந்தாள். தட்டு மாற்றியாயிற்று, பத்திரிகைக்கும் சொல்லியாயிற்று. வீட்டில் அவள் பாடிக்கொண்டே திரிந்ததை முதல்முறையாகக் கேட்டோம்.

அதற்குப் பிறகுதான் ஞானம்பாளிடமிருந்து ஆள் வந்தது. நகை, பாத்திரம் எல்லாம் பேசியபடியே இருக்கட்டும். சீரோடு ஒரு கறவைப்பசுவும் அனுப்ப வேண்டும். கையில் வாதம் வந்து அந்த அம்மாளால் இப்போது கறக்க முடிவதில்லை. இருந்த மாட்டைப் போன வருஷம் கொடுத்துவிட்டார்கள். மாட்டுக்கார வீட்டுப் பெண் என்பதாலேயே எங்கள் வீட்டைத் தேடி வந்தார்களாம். மருமகள் வந்து கறந்து, சாணி அள்ளி, கொல்லை மறுபடி நிறைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற வழியில் தானே இறங்கி மாட்டைப் பார்த்துவிட்டுப் போவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

நைனாவுக்கு ஒரே மகிழ்ச்சி. ஒரு மாடாவது ஒழியும். “தாசில்தாரையே ஓட்டிக்கினு போகட்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வசந்தா பாடுவதை நிறுத்தினாள். பெண்ணுக்கு மாடு ஆகாது என்று சொன்னால் இந்தக் கல்யாணமும் நிற்கும். சொல்லாவிட்டால் அந்தச் சுத்தமான விரல்களுக்குப் பக்கத்தில் ஆயுள் முழுக்கச் சாணிக் கையோடு உட்கார வேண்டும். அமாவாசைக்கு முந்தின நாள் மாலை அவள் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, கொட்டகைக்குள் போனாள்.

சித்தப்பா தணல் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் உண்ணிக் கொட்டாங்கச்சி.

“அடேங்கப்பா! கல்யாணப் பொண்ணு! இன்னாடி, மாமியாருக்கு முன்னாடி பரீட்சைக்குப் படிக்க வந்தியா?”

“சித்தப்பா, எனக்கு மாடு வேணாம்.”

பட்டென்று ஒரு உண்ணி வெடித்தது. வசந்தாவின் தோள் குலுங்கியது.

“வேணாம்னா உங்க நைனா கிட்ட சொல்லு. தலையாட்டினது அவரு. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?”

“அவங்க கிட்ட சொன்னா கல்யாணம் நின்னுடும். அந்த அம்மா மாட்டுக்காகத்தான் என்னைப் பாத்தாங்களாம். நான் மாட்டைத் தொட மாட்டேன் சித்தப்பா. செத்தாலும் மாட்டேன். எனக்கு அதைப் பாத்தாலே, உங்களைப் பாத்தாலே...”

“சொல்லு, சொல்லு. வாந்தி வருதா?”

“ஆமா.”

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு எழுந்துபோய் தாசில்தாரின் கழுத்துத் தொங்கலைச் சொறிந்துவிட்டார். அது கண்ணை மூடி, எச்சில் கயிறு தரையைத் தொடும்வரை தலையை நீட்டிக்கொடுத்தது. “கேட்டியாடி? உன்னைத் தொட மாட்டாளாம். தொட மாட்டேங்கிற கையில உன்னைக் குடுத்துட்டு நான் இங்க இன்னா பண்றது, மண்டியில உக்காந்து மல்லாட்டை எண்றதா?”

பிறகு அதன் முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினார். “அந்த அம்மா மாடு தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார்.

“முப்பது வருசமா மாடு வச்சிருந்தாங்களாம்.”

“அப்ப நல்லது. தெரியாதவங்களைத்தான் ஏமாத்த முடியாது.”

மாடத்தில் வைத்திருந்த கருவேலம் பிசின் கட்டி ஒன்றை எடுத்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, அதை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். கடைவாயில் நுரை வந்தது. இளகியதும் உள்ளங்கையில் துப்பினார். வசந்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். மாட்டின் நாக்கு எட்டாத இடமாக, முதுகெலும்பை ஒட்டி, வாலுக்குக் கொஞ்சம் மேலே, அந்தக் கூழைத் தடவிக் கட்டைவிரலால் மயிரைச் சுழற்றிச் சுழற்றி ஒரு வட்டம் எழுப்பினார். கொஞ்சம் சாணித் தூளை ஊதிவிட்டார். காய்ந்தபோது பிறவியிலேயே இருந்தது போல ஒரு சுழி.

மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன் சுழியைப் பார்ப்பார்கள். மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்பதை வைத்து அந்த மாடு குடும்பத்தை வாழவைக்குமா கெடுக்குமா என்று முடிவு கட்டுவார்கள். சித்தப்பா செய்து வைத்த இடத்தில் இருந்தால் அதற்குப் பாடைச்சுழி என்று பெயர். அந்த மாட்டைக் கட்டிய வீட்டில் பாடை கட்டுவார்கள் என்பது நம்பிக்கை.

“கழுவிப் பாத்தா தெரிஞ்சிடுமே?” என்றேன்.

“எவ கழுவிப் பாப்பா? கெட்ட சுழியை மறைக்கிற தரகனை ஊரெல்லாம் பாத்திருப்பா. கெட்ட சுழியைச் செய்யிற பைத்தியக்காரனை எங்க பாத்திருப்பா?” கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் வாயைத் தொறக்காதீங்க. அண்ணன் மூஞ்சில எல்லாம் தெரிஞ்சிடும். அவரு கிட்ட சொல்லவே கூடாது.”

மறுநாள் மலையனூர் ஸ்பெஷல் பஸ் கடைத்தெருவில் கூட்டத்தை உதிர்த்தது. ஞானம்பாள் வேண்டுதலுக்குக் கட்டிய மஞ்சள் புடவையில், கையில் எலுமிச்சம்பழப் பையோடு இறங்கி நேரே கொல்லைக்கு வந்தார். சாணியை மிதிக்காமல் நடக்க வேண்டும் என்ற எண்ணம்கூட அவருக்கு இல்லை. மூக்கை விரித்து மூச்சை இழுத்து, “ஆ, இப்பதான் வூடு மாதிரி இருக்குது” என்றார். அம்மா ஆதிலட்சுமியின் முகத்தில் அசடு வழிந்தது. வசந்தா சமையலறைச் சன்னலில் நின்றாள்.

ஞானம்பாள் மாட்டின் மடியை அமுக்கிப் பார்த்தார், காம்பைப் பீய்ச்சி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார், உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார். சித்தப்பாவுக்கும் அவருக்கும் உடனே ஒத்துப்போயிற்று.

“சாணி எப்படி போடுது?”

“தோசை மாதிரி சம்பந்தி. கரண்டியால எடுத்து அடுக்கலாம்.”

“எம் மாடும் அப்படித்தான். கையில எடுத்தா ஒட்டாது.”

“ஒட்டுற சாணியும் ஒட்டாத மருமவளும் வூட்டுக்கு ஆகாதுங்க.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சன்னலில் வசந்தாவின் முகம் வெளுத்தது. இவர் இப்படி ஒத்து ஊதிக்கொண்டிருந்தால் மாடு விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்கும் தோன்றியது.

அந்த அம்மாளின் கை திமிலைத் தாண்டி முதுகுக்கு வந்ததும் சித்தப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துச் சாவகாசமாக மாட்டின் பின் முதுகில் போட்டார். ஈ ஓட்டுவது போல. போட்ட துண்டின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு, “மழை வரும் போல இருக்குது, பஸ்ஸுக்கு நேரமாவலையா?” என்றார்.

ஞானம்பாள் அவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“துண்டை எடுங்க.”

“அது கிடக்குதுங்க, ஈ...”

“எடுங்க அண்ணே.”

அந்த அம்மாளே அதை இழுத்துவிட்டார். வாதம் பிடித்த விரல்கள் மயிரில் ஊர்ந்து அந்த இடத்துக்கு வந்ததும் நின்றன. மறுபடி சுற்றி வந்து மறுபடி நின்றன. தணலைத் தொட்டது போல அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“அடப் பாவி மனுசா. பாடைச்சுழி.”

நைனா ஓடிவந்து பார்த்தார். அவரும் மாடு பார்த்து வளர்ந்தவர்தான். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. “டேய்! எம் பொண்ணு கூட பாடையை அனுப்பப் பாத்தியாடா?” என்று தம்பியின் கழுத்துத் துண்டைப் பிடிக்கப் போனவர், துண்டு அங்கே இல்லாததால் தோளைப் பிடித்து உலுக்கினார். தாசில்தார் கொட்டகையிலேயே பிறந்த மாடு என்பதுகூட அந்தக் கோபத்தில் அவருக்கு மறந்துவிட்டது. சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். திருடன் மாதிரி அவ்வளவு நன்றாக நிற்க அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இனித்தான் பயம். பெண்ணுக்கும் தோஷம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டால்? வசந்தா சன்னல் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்துவிட்டது.

“இந்த மாடு யாருது?” என்று ஞானம்பாள் கேட்டார்.

“என்னுதுங்க. வூட்டுச் சொத்து இல்ல. எனக்குத்தான் பொண்டாட்டியும் இல்ல புள்ளையும் இல்ல. போனா நான் ஒருத்தன்.”

“கூடக் கட்டியிருக்கிற மத்ததுங்க?”

“எல்லாம் ஒரே தொட்டியில குடிக்கிறதுங்க.”

அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தன் தலையைச் சுற்றிக் கொல்லைச் சுவருக்கு அப்பால் எறிந்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “சம்பந்தி, பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. சுழி மாட்டுக்காரனைத்தான் புடிக்கும். மலையனூருக்குப் போற நாள்ல ஆத்தாளே கண்ணைத் தொறந்து வுட்டுட்டா. எங்க வூட்டுக்கு இனி மாடு ஆவாதுன்னு சொல்றா. எம் புருசன் செத்ததுகூட மாடு இருந்தப்பதான், இப்ப தோணுது. மாடு வேணாம். அதுக்கு பதிலா தையல் மிஷின் ஒண்ணு குடுத்துடுங்க.”

தையல் மிஷினோடு வசந்தா விழுப்புரம் போனாள். சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. வரக்கூடாது என்று நைனா சொல்லியிருந்தார். பந்தலில் நல்ல சந்தன வாசனை. யார் தலையையும் எதுவும் நக்கவில்லை. இவ்வளவு சுத்தமான ஒரு நாளை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் சேதி கடைத்தெருவில் பரவிவிட்டது. ரங்கநாதன் வெற்றிலையோடு சேர்த்து அதையும் மடித்துக் கொடுத்தான். பால் வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் நிறுத்தின. மண்டிக்கு மூட்டை கொண்டுவருகிறவர்கள் கொல்லைப்பக்க வழியாக வண்டி ஓட்ட மாட்டோம் என்றார்கள். சித்தப்பா பொறுத்துப் பார்த்தார். கல்யாணம் முடிந்த பிறகு தாசில்தாரைத் தெருவுக்கு ஓட்டிவந்து, எல்லோர் முன்னிலையிலும் வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். பிசின் கரைந்து சுழி போயிற்று.

“பாத்தீங்களா! நாந்தான் பண்ணேன்!”

ரங்கநாதன் குனிந்து பார்த்தான். “இன்னா தேவநாதா, சந்தைத் தரகன் மாதிரி வெந்நீர்ல மயிரைப் பொசுக்கி மறைச்சிட்டியா? நல்ல வேலைக்காரன்டா நீ.”

“டேய், நானே பிசின் வச்சு...”

“தன் மாட்டுக்குத் தானே கெட்ட சுழி வப்பானா எவனாவது? யாரு கிட்டடா சொல்ற?”

எத்தனையோ நாள் சாணியை வைத்து ஊரைச் சிரிக்கவைத்தவர் உண்மையைச் சொன்ன அன்று ஊர் கடைசியாக ஒருமுறை சிரித்துவிட்டுக் கலைந்தது. மறுவீட்டுக்கு வந்த வசந்தா நைனாவின் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். நானும் சேர்ந்து சொன்னேன். “சித்தப்பனைக் காப்பாத்தப் பாக்குறீங்க. நல்ல பொண்ணுங்க” என்று அவர் எங்கள் தலையைத் தடவினார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, மாடு இருக்கட்டும் அல்லது நீ இரு என்றார். இதில் சித்தப்பா யோசிக்க என்ன இருக்கிறது? தளவானூரில் குகைக்கோயிலுக்குப் போகிற வழியில் எங்களுக்கு மல்லாட்டை போடுகிற பச்சைமுத்துவின் கொல்லையில் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. மானாவாரி நிலத்தையும் எங்கள் பக்கத்தில் கொல்லை என்றுதான் சொல்வார்கள். அத்தனை மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வீட்டுக் கொல்லையைப் பினாயில் ஊற்றிக் கழுவிச் சிமெண்ட் போட்டோம். போட்ட பிறகும் முதல் மழைக்கு அந்த வாடை சிமெண்டைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது.

வசந்தாவுக்கு மசக்கை வந்தபோது சித்தப்பாவை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். இருவரும் பஸ் ஏறி, கொல்லை மேட்டில் நடந்தோம். கொட்டகை இன்னும் தொலைவில் இருக்கும்போதே காற்று எங்களை வந்து சந்தித்தது. சுவர் என்று ஒன்று இல்லாத இடத்தில் அவர் மாடுகளோடு மாடாக வாழ்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டுக் கையில் சாணிக்கூடையோடு ஓடிவந்தார். வசந்தா வரப்பின் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தாள்.

“கிட்ட வராதீங்க சித்தப்பா! அங்கயே நில்லுங்க!” என்று நான் கத்தினேன்.

அவர் நின்றார். அந்தப் பேச்சு முழுவதும் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் அகலத்துக்குக் கத்திக் கத்தித்தான் நடந்தது. நடுவில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டார்கள்.

“இன்னாடி, சினை புடிச்சிருச்சா?”

களைக்காரிகள் சிரித்தார்கள். வசந்தா வாயைத் துடைத்துக்கொண்டு, “மூணு மாசம்!” என்று கத்தினாள்.

“பயலா பொட்டையா, ஈன்றதும் சொல்லி அனுப்பு! சீம்பால் வச்சிருக்கேன், எடுத்துக்கினு போறியா?”

“ஐயோ, வேணாம்!”

“வூட்ல பாலு?”

“பால்காரரு வாசல்லயே ஊத்திட்டுப் போயிடறாரு!”

“தண்ணி பாலா?”

“ஆமா, தண்ணிதான்! நல்லா இருக்குது!”

சித்தப்பா காறித் துப்பினார். அக்காள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “சித்தப்பா! நைனா இன்னும் நம்ப மாட்டேங்குறாரு! எங்க மாமியாரு கிட்டயே சொல்லிடட்டுமா?”

“அடச்சீ, வாயை மூடு! அவ நம்பிட்டா மறுநாளே ஒரு மாட்டைப் புடிச்சாந்து உன் கையில குடுப்பா! எனக்கு இங்க இன்னா குறைச்சல்? கைகழுவச் சொல்ல ஒருத்தரு இல்ல!”

வசந்தா பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்தாள். மிஷினில் அவளே தைத்த முதல் சட்டை, வெள்ளைத் துணி. போயும் போயும் இவருக்கு வெள்ளைத் துணி. வரப்பின் மேல் ஒரு கல்லின் மீது வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

சித்தப்பா வருவதற்குள் போஸ்ட்மாஸ்டர் வந்துவிட்டது. இப்போது அது வளர்ந்து கிடாரியாகியிருந்தது. சட்டையை முகர்ந்து, ஒரு கையை வாய்க்குள் இழுத்து மெல்லத் தொடங்கியது. “வுடுடி, வுடுடி, தபாலுக்கு முத்திரை அப்புறம் குத்தலாம்!” என்று அவர் மற்றக் கையைப் பிடித்து இழுக்க, அது விடவில்லை. களைக்காரிகள் கைதட்டினார்கள். கடைசியில் சட்டை வந்துவிட்டது. ஒரு கை முழங்கை வரைதான் மிச்சம். பச்சை எச்சில் நூல் நூலாக ஒழுகியது. அவர் அதைப் பிழியக்கூட இல்லை. சாணிக் கையாலேயே உதறி, அப்படியே உடம்பில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பித்தானாகப் போட்டு, எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினார். எச்சில் தொப்புளுக்கு வழிந்தது.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. போகலாம் என்று அக்காளின் கையை இழுத்தேன்.

வசந்தா ஒரு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வாயோரம் குவித்து, “தோள் அளவு சரியா இருக்குதா சித்தப்பா?” என்று கத்தினாள்.